வியாழக்கிழமைக் குளிசை

எங்கள் பள்ளிவாசல்துறைப் பக்கத்தில் இடுப்பிலோ முழங்காலிலோ செயற்கை மூட்டு வைத்தவர்கள் இப்போது நாலைந்து பேர் இருக்கிறோம். புதிதாக யாருக்காவது வைத்தால், ஆஸ்பத்திரியால் வீட்டுக்கு வந்த கையோடு என்னை வரச் சொல்லி ஆள் அனுப்புவார்கள். எந்தப் பக்கம் சரிந்து படுப்பது, எவ்வளவு உயரமான கதிரை வாங்குவது, எப்படித் தொழுவது என்றெல்லாம் கேட்பார்கள். தெரிந்ததைச் சொல்வேன். எழும்பி வரும்போது நானாகவே ஒரு கேள்வி கேட்பேன்: கிழமைக்கு ஒரு மருந்துக் குளிசை தந்திருக்கிறார்களா, அதை என்ன நேரம் குடிக்கிறீர்கள்?

ஒரு குளிசைக்காக ஏன் இப்படித் துருவுகிறாள் என்று சிலர் நினைப்பார்கள். நான் அதை ஒன்றரை வருஷம், ஒரு கிழமைகூடத் தவறாமல், பிழையாகக் குடித்தவள். என்னைப் போல இன்னொருத்தி குடிக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

இடியப்பம் அவிப்பது என் தொழில். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களை வெளியேற்றிய கையோடு மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கியபோது இடுப்பில் ஒரு பிள்ளையும் கையில் ஒரு பையும்தான் இருந்தன. அகதி முகாமில் இரவல் இடியப்ப உரலில் பிழியத் தொடங்கினேன். யுத்தம் முடிந்து, திரும்பிப் போகிறவர்கள் போகலாம் என்ற காலம் வந்தபோது இங்கே மூன்று கடைகள் என் இடியப்பத்தை நம்பித்தான் காலையில் கதவு திறந்தன. நாங்கள் போகவில்லை.

ஐம்பத்தாறு வயதில் ஒரு காலை, கிணற்றடியில் அரிசி கழுவப் போன இடத்தில் வழுக்கி விழுந்தேன். பெரிய விழுகை என்று சொல்ல முடியாது. நின்ற இடத்திலேயே குந்தி இருந்துவிட்டேன், அவ்வளவுதான். அதற்கே இடது தொடை எலும்பு, இடுப்போடு பொருந்தும் இடத்தில் முறிந்துவிட்டது. புத்தளத்தில் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்துவிட்டுக் கொழும்பில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

அங்கே எலும்பு டொக்டர் ஒரு சிங்களவர். கிழக்கில் சில வருஷம் வேலை செய்தவராம், தமிழை மட்டக்களப்பு இழுவையோடு பேசுவார். பெண்களை ‘கா’ போட்டுக் கூப்பிடுவார். முதல் தடவை கேட்டபோது நோவுக்குள்ளும் எனக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு சின்ன விழுகைக்கு எலும்பு முறியக் கூடாது என்று சொல்லி, பழைய நோய் வருத்தங்களைக் கேட்டார். நாற்பது வயதில் கட்டி என்று கர்ப்பப்பையையும் சூலகத்தையும் எடுத்ததைச் சொன்னேன். “அதுதான் கா,” என்றார். சூலகம் இருக்கும்வரை எலும்பைக் காக்கும் ஒரு சுரப்பு உடம்பில் ஓடுமாம். அது நின்றால் எலும்பு உள்ளுக்குள் பஞ்சு போலத் துளை விழத் தொடங்குமாம். பதினாறு வருஷமாக எனக்குள் அது நடந்திருக்கிறது, நான் இடியப்பம் பிழிந்துகொண்டு இருந்திருக்கிறேன்.

பத்து நாள் காலில் பாரம் கட்டிப் படுத்திருந்தேன். இரத்தம், இதயம், சளி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். பக்கத்துக் கட்டிலில் மாத்தளைப் பக்கத்து அம்மா ஒருவர். நோவு எப்படி என்று கேட்டால், “வந்து வாசலில் நிக்குது, இன்னும் உள்ளுக்குக் கூப்பிடல்ல” என்பார். ஊசி போடத் தாதி மிஸ்ஸி வரும்போதெல்லாம், “பிள்ளை, அது இப்ப கதிரை போட்டு உக்காந்திட்டுது” என்று சொல்லுவார். வருத்தத்தோடு கிடக்கும் மனிதர்கள் சொல்லும் சொல்லை நான் சேர்த்து வைப்பேன். வேறு என்ன வேலை அங்கே?

வீட்டில் என் கணவர் உரலைக் கையில் எடுத்துவிட்டார். பகலில் ஓட்டோ ஓட்டுகிறவர், மாவுக்கு எவ்வளவு சுடுதண்ணீர் என்றுகூடத் தெரியாது. அவருடைய இடியப்பம் நங்கூரக் கயிறு போல இருந்ததாம். கடைக்காரர்கள் மூவரும் ஒன்றும் சொல்லாமல் வாங்கினார்களாம். ஒரு கடையில் சாப்பிட வந்தவர், “இது இடியப்பமா, வலையா?” என்று கேட்க, முதலாளி, “அந்த மனுஷி ஆஸ்பத்திரியில, தின்னுங்க வாப்பா” என்றாராம். மகள் ரிஸ்னா வாட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது சிரித்துச் சிரித்துக் காலில் கட்டிய பாரம் ஆடியது.

இடுப்புக்குள் வைக்கும் செயற்கை மூட்டை வெளியில் வாங்கித் தரவேண்டியிருந்தது. என் இரண்டு காப்பையும் கழற்றிக் கொடுத்தேன். அதன் பிறகு கொஞ்ச நாள் இவர், என் கணவர், என் கையைப் பார்க்காமலே கதைத்தார்.

அறுவைக்குக் கொண்டுபோகும் தள்ளுகட்டிலில் வைத்து நான் ஒரு நேர்ச்சை வைத்தேன். இந்தக் கால் எனக்குத் திரும்பக் கிடைத்தால், உயிர் உள்ளவரை ஒவ்வொரு வியாழக்கிழமையும் நோன்பு பிடிப்பேன் என்று. மேலே விளக்குகள் ஒவ்வொன்றாக ஓடிக்கொண்டிருந்தன. முடிக்கும்போது கதவு வந்துவிட்டது.

முறிந்த எலும்பின் பந்து போன்ற தலையை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைத்தார்கள். அந்தப் பந்தைத் தாங்கும் தண்டு, தொடை எலும்பின் குழலுக்குள் ஒரு சாண் அளவுக்கு இறங்கியிருக்கிறது. மூன்றாம் நாள் வாக்கரைப் பிடித்து நின்றேன். ஒரு கிழமையில் வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டும்போது டொக்டர் என்னையும் இவரையும் இருத்தி விளங்கப்படுத்தினார். அதை எனக்கு விளங்கிய மாதிரிச் சொல்கிறேன்.

எலும்பு உயிருள்ள சாமான். அதற்குள் உடைக்கிற ஆட்களும் இருக்கிறார்கள், கட்டுகிற ஆட்களும் இருக்கிறார்கள். ஒரு பக்கம் பழையதை உடைக்க, மறுபக்கம் புதிதைக் கட்டுவார்கள். என் உடம்பில் உடைக்கிறவர்கள் கூடிப்போனார்கள். அதோடு இப்போது உடம்பின் பாரத்தில் ஒரு பங்கைத் தண்டு வாங்கிக்கொள்வதால், சுற்றியிருக்கும் எலும்பு தனக்கு வேலை இல்லை என்று இன்னும் மெலியப் பார்க்கும். எங்கள் ஊர் மணலில் வேலிக்குக் கம்பு நட்டவர்களுக்கு இதற்குமேல் சொல்லத் தேவையில்லை. கம்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சுற்றியிருக்கும் மண் இறுகி நிற்கவேண்டும். மண் கரைந்தால் கம்பு ஆடும். ஆடினால் திரும்பவும் வெட்டித் தண்டை மாற்றவேண்டும், இரண்டாம் தடவை பிடித்துக்கொள்ள எலும்பும் குறைவாக இருக்கும்.

கிழமைக்கு ஒரு தடவை குடிக்கும் அந்தக் குளிசை, உடைக்கிற ஆட்களின் கையைக் கட்டிவைக்கும் மருந்து. குளிசை தருகிற மிஸ்ஸி சிங்களத்திலும் தமிழிலுமாகச் சொன்னார்: காலையில் எழும்பியதும், வெறும் வயிற்றில், ஒரு பெரிய கிளாஸ் பச்சைத் தண்ணீரோடு. குடித்து அரை மணி நேரம் படுக்கக் கூடாது, குனியக் கூடாது, வேறு ஒன்றும் வாயில் போடக் கூடாது. படுத்தால் தொண்டைக் குழாயைப் புண்ணாக்குமாம். ஒரு கிழமை நாளைத் தெரிந்தெடுத்து அதை மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள், மறக்காது என்றும் சொன்னார்.

நான் தெரிந்தெடுத்தது வியாழக்கிழமை. வேறு எந்த நாள்? காலுக்காக நேர்ந்த நாள் அது. கால் நடக்கத் தொடங்கிய மாதத்திலிருந்து வியாழக்கிழமை நோன்பும் தொடங்கியது. நோன்புக்காக வைகறையில் எழும்பி சஹர் உணவு சாப்பிடுவேன். சோறு, பருப்பு, முதல் நாள் மீன் ஆணம், பிறகு பால் தேத்தண்ணீர். பாங்கு சொல்லக் கொஞ்சம் முன்னால், கடைசித் தண்ணீரோடு குளிசையைப் போடுவேன். பக்கத்தில் கல்சியம் குளிசையும் இருந்ததால் அதையும் சேர்த்தே போடுவேன்.

வெறும் வயிறு என்று சொன்னது எனக்கு மறக்கவில்லை. நன்றாக நினைவிருந்தது. குளிசை குடித்தபிறகு பொழுது பட்டு மஃரிப் பாங்கு சொல்லும் வரைக்கும் ஒரு மிடறு தண்ணீரும் இறங்காது. அவர்கள் கேட்டது அரை மணி நேரம், நான் கொடுத்தது பதின்மூன்று மணி நேரம். இதைவிட வெறும் வயிறு இந்த இலங்கையில் யாருக்கு இருக்கும் என்று எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. படுப்பதும் இல்லை, சுபஹ் தொழுகையைக் கதிரையில் இருந்து தொழுதுவிட்டு நேரே அடுப்படிக்குப் போய்விடுவேன். கிளினிக்கில் கேட்கும்போதெல்லாம், ஒரு கிழமையும் விடவில்லை என்று சொல்வேன். அது உண்மை. என்ன நேரம் என்று கேட்டால், விடிய முன்னம் என்பேன். அதுவும் உண்மை. சாப்பிட்ட கதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஒன்றரை வருஷம் போனபிறகு ஒரு நோவு வந்தது. இருந்து எழும்பி வைக்கும் முதல் இரண்டு அடிக்கு மட்டும் தொடையின் நடுவில் பிடிக்கும், மூன்றாவது அடியில் விட்டுவிடும். நடந்துவிட்டால் ஒன்றும் இல்லை. அதனால் யாருக்கும் சொல்லாமல் மூன்று அடி நடந்தபிறகே கதைக்கப் பழகினேன். மகள்தான் பிடித்தாள். “எழும்பினதும் ஏன் உம்மா வாய மூடுறீங்க? நீங்க வாய மூடுற ஆளில்லயே” என்றாள்.

படத்தைப் பார்த்த டொக்டரின் முகம் எனக்குப் பிடிக்கவில்லை. தண்டுக்கும் எலும்புக்கும் நடுவில் ஒரு கறுப்புக் கோடு இருப்பதைப் பேனையால் காட்டினார். தலைமயிர் அளவு. கிருமி ஏதும் பிடித்திருக்கிறதா என்று இரத்தம் பார்க்கச் சொன்னார், எலும்பின் அடர்த்தி பார்க்கும் ஸ்கேனும் எழுதினார். அந்த ஸ்கேனில் ஒரு மேசையில் அசையாமல் படுத்தால் போதும், மேலே மெஷினின் ஒரு கை மெதுவாகப் போய்வரும். நோவு இல்லை. கிருமி இல்லை என்று வந்தது. ஸ்கேனில் மட்டும், குளிசை தொடங்குவதற்கு முன் எடுத்த ஸ்கேனில் இருந்ததைவிட எலும்பு இன்னும் குறைந்திருந்தது.

“குளிசை உங்கட உடம்புக்கு வேலை செய்யல்ல போல இரிக்கு,” என்றார் டொக்டர். இரண்டு கிழமை கழித்து வாருங்கள், மற்ற டொக்டர்மாரோடும் கதைத்து, தண்டை மாற்றவேண்டிவருமா என்று முடிவு சொல்கிறேன் என்றார். பஸ்ஸில் வரும்போது இவர் படங்களை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு இருந்தார். நான் சாளரத்துப் பக்கம் இருந்து, இறங்கும்போது முதல் இரண்டு அடியை எப்படி வைப்பது என்று நினைத்துக்கொண்டு வந்தேன். திரும்ப வெட்டுவது ஒரு பயம். வெட்டியும் எலும்பு பிடிக்காவிட்டால் என்ன என்பதுதான் பெரிய பயம். நிற்க முடியாதவள் எப்படி உரல் பிழிவாள்?

இரண்டு கிழமை கழித்துக் கிளினிக்கில் வாங்குப் பலகையில் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தவர் உடப்பைச் சேர்ந்த செல்வராணி. என் வயதுதான், முழங்கால் மாற்றியவர். கிளினிக்கில் முன்னும் கண்டு சிரித்திருக்கிறோம். அவருக்கும் அதே குளிசை. அதைக் குடித்துவிட்டு அந்த அரை மணி நேரமும் என்ன செய்வது என்று தெரியாமல் கடற்கரையில் நடப்பாராம்.

“வலை இழுக்கிற ஆம்பிளையள் எல்லாம் நேரம் பாக்கிறது என்னை வச்சுத்தான்,” என்றார். “நான் திரும்பினா அரை மணித்தியாலம். வீட்டில மருமகள் அப்பத்தான் தேத்தண்ணி ஊத்துவாள். அதுவரைக்கும் வயிறு கூப்பாடு போடும். நீங்க எப்பிடிச் சமாளிக்கிறீங்க?”

எனக்கு அந்தக் கஷ்டமே இல்லை என்றேன். நோன்பு நாளில் குடிக்கும் என் கணக்கைப் பெருமையாகவே எடுத்துச் சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார்.

“இரிங்க. சோறு திண்ட பிறகா குளிசை?”

“ஓம். அதுக்குப் பிறகு பொழுது படும் வரைக்கும் ஒண்டும் இல்ல.”

“பிறகு இல்லாட்டி என்ன, முன்னுக்கு இரிக்கே,” என்றார் செல்வராணி. “எனக்கு ஒருநாள் ஒரு மிடறு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போட்டதுக்கே மிஸ்ஸி ஏசினவ. அந்தக் குளிசை சாப்பாட்டோட சேர்ந்தா உடம்புக்குள்ள போகாதாம். அப்பிடியே வெளியில போயிருமாம்.”

அவர் சொல்லி முடிக்க முன்பே எனக்கு விளங்கிவிட்டது. எழுபதுக்கு மேற்பட்ட வியாழக்கிழமைகள். சோறும் பாலும் கல்சியமும் நிறைந்த வயிற்றுக்குள் நான் போட்ட ஒவ்வொரு குளிசையும். எனக்கு மற்றப் பக்கத்தில் இருந்த இவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். என்னைப் பார்த்தார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

என் இலக்கம் கூப்பிட இன்னும் ஆறு பேர் இருந்தார்கள். பொய் சொல்ல மாட்டேன், சொல்லாமல் விட்டுவிடலாமா என்றும் நினைத்தேன். டொக்டர் வேறு மருந்து தரப்போகிறார் என்றால் பழைய கதை எதற்கு? வெட்கம் ஒரு பக்கம். அதைவிட, நோன்பு என்ற சொல்லை வாயில் எடுத்தால் முதலில் அதைத்தான் விடச் சொல்வார்கள் என்று பயந்தேன். நாங்கள் எது செய்தாலும் எங்கள் மார்க்கத்தைக் குறை சொல்ல ஆட்கள் இருந்த காலம் அது. காலுக்காக வைத்த நோன்புதான் காலைக் கெடுத்தது என்று ஒருவர் சொல்லிவிட்டால், அந்தச் சொல்லோடு நான் எப்படி இருப்பேன்? இவரிடம் மெதுவாகக் கேட்டேன். “டொக்டருக்குத் தெரியாட்டி, ஒன்ட எலும்புதான் உதவாது எண்டு நினைச்சு வெட்டிருவாரு. சொல்லு,” என்றார்.

சொன்னேன். சஹர், சோறு, பால், கல்சியம், ஒன்றையும் விடவில்லை. டொக்டர் பேனையை வைத்துவிட்டுக் கேட்டார். கடைசியில் பழைய படத்தையும் ஸ்கேனையும் திரும்ப எடுத்துப் பார்த்தார்.

“அப்ப குளிசை தோக்கல்ல கா,” என்றார். “அது உங்களுக்குள்ள போகவே இல்ல.”

“நோன்ப விடணுமா டொக்டர்?”

“ஏன் விடணும்? கிழமையில ஏழு நாள் இரிக்கே. குளிசையை வேற நாளுக்கு மாத்துங்க.”

அவ்வளவுதான். நான் ஒரு மலையைச் சுமந்துகொண்டு போயிருந்தேன். அவர் அதை ஞாயிற்றுக்கிழமைக்கு நகர்த்திவிட்டார். கல்சியத்தைப் பகல் சோற்றோடு வைக்கச் சொன்னார். தண்டு இன்னும் ஆடத் தொடங்கவில்லை, வெட்டுகிற கதையை ஒரு வருஷம் தள்ளிவைப்போம், கோடு அகலமானால் தப்ப முடியாது என்றார். பல் பிடுங்குவதாக இருந்தால் முதலில் இந்த மருந்தைப் பற்றிச் சொல்லவேண்டும், தொடையில் புதிதாக நோவு வந்தால் நாள் கடத்தாமல் வரவேண்டும் என்றும் சொன்னார். மிஸ்ஸியைக் கூப்பிட்டு, நோன்பு பிடிக்கிறவர்களிடம் இனிமேல் இதைக் கேட்டுச் சொல்லுங்கள் என்றார். வெளியே வந்தபோது செல்வராணி உள்ளே போய்க்கொண்டிருந்தார். அவருடைய கையைப் பிடித்தேன்.

அந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் எங்கள் வீட்டில் ஒரு சடங்கு ஆகிவிட்டது. தண்ணீரும் குளிசையும் இறங்கியதும் நான் முற்றத்துக் கதிரையில் நிமிர்ந்து இருப்பேன். இவரும் தேத்தண்ணீர் குடிக்காமல் எதிரே இருப்பார். நீங்கள் ஏன் காயவேண்டும் என்றால், தனியாகக் குடித்தால் இறங்காது என்பார். முப்பத்தைந்து வருஷக் குடும்பத்தில் நாங்கள் வேலை ஒன்றும் இல்லாமல் எதிரெதிரே இருந்து கதைத்தது அந்த ஞாயிறுகளில்தான்.

ரமழான் வந்தபோது, ஒவ்வொரு நாளும் நோன்பு என்பதால் எங்கள் பள்ளிவாசல் லெப்பையிடமும் டொக்டரிடமும் கேட்டேன். பகல் முழுவதும் காய்ந்த வயிற்றைவிட வெறும் வயிறு எது? மஃரிப் பாங்கு சொன்னதும் தண்ணீரோடு குளிசையைப் போட்டு நோன்பு திறந்துவிட்டு, அரை மணி கழித்து ஈத்தம்பழமும் கஞ்சியும். முதல் ஞாயிறு, கஞ்சிக் கோப்பைகளின் ஆவி முகத்தில் அடிக்க, நான் கதிரையில் தொழுதுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். ரிஸ்னாவின் பிள்ளைகள் இரண்டும் மூத்தம்மா திறக்கும் வரைக்கும் தாங்களும் திறக்கவில்லை என்று அடம்பிடித்தன. நோன்பே பிடிக்காத பிள்ளைகள்.

ஆனாலும் பயம் போகவில்லை. கதிரையால் எழும்பும்போதெல்லாம் முதல் அடியைக் கவனித்தேன். சில நாள் நோவு இருந்தது, சில நாள் இல்லை. இல்லாத நாளில் சந்தோஷப்படவும் பயமாக இருந்தது. அந்தக் கோடு உள்ளே என்ன செய்கிறது என்று காலுக்கு வெளியே இருந்து யாருக்குத் தெரியும்?

ஒரு வருஷம் முடிந்து நாங்கள் போன நாளில் கிளினிக்கில் சனம் நிறைந்து வழிந்தது. நோயாளியை மட்டும்தான் உள்ளே விட்டார்கள், இவர் வெளியே நின்றார். டொக்டர் போன வருஷப் படத்தையும் அன்று எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அளவுகோலால் அளந்தார். மற்ற டொக்டரையும் கூப்பிட்டுக் காட்டினார். நான் அவர்களின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்கேனில் எலும்பு கொஞ்சம் ஏறியிருப்பதாகச் சொன்னார். பிறகு கோட்டுக்கு வந்தார்.

“இருந்த மாதிரியே இரிக்கு கா. ஒரு மயிரளவும் கூடல்ல. தண்டும் அசையல்ல. இனி வெட்டுற கதை இல்ல. வருஷத்துக்கு ஒருக்கா வந்து படம் மட்டும் எடுங்க.”

கதவுக்கு வெளியே இவர் தொப்பியைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“என்னவாம்?”

“ஒண்டும் மாறல்லயாம்.”

அவருடைய முகம் விழுந்துவிட்டது. “ஒரு வருஷம் ஒழுங்காக் குடிச்சும் ஒண்டும் மாறல்லயா?”

“மாறாம வச்சிருக்கத்தான் அந்தக் குளிசை. ஆடல்ல. வெட்டத் தேவையில்ல.”

கொஞ்ச நேரம் என் காலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “அப்ப சந்தோஷப்படணுமா?” என்று கேட்டார்.

“ஓம்,” என்றேன். “மெதுவாச் சந்தோஷப்படுங்க, சுத்தி நோயாளிகள் இரிக்காங்க.”